ஹாலோகிராமும் விளக்கும் வைத்துச் செய்வது கலையா, கண்கட்டு வித்தையா?

"வெற்று அறையில் நாலு விளக்கைப் போட்டும், கண்ணாடித் தகட்டில் ஒரு ஹாலோகிராமைப் பதித்தும் வைத்துவிட்டு அதைக் கலை என்கிறார்கள். ஜேம்ஸ் டரெல் போன்றவர்களை எதற்காக இப்படித் தூக்கிப் பிடிக்கிறார்கள்? இது வெறும் கண்கட்டு வித்தைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வித்தைதான். அதை மறுத்து வாதாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கண்கட்டு வித்தைக்கு ஓர் இலக்கணம் உண்டு: ரகசியம் தெரிந்த அன்றே அது செத்துவிடும். டரெல் ஒளியையே பொருளாகக் கொண்டு படைக்கும் அமெரிக்கக் கலைஞர். அவர் செய்பவற்றின் ரகசியத்தை நான் இங்கேயே முழுதாகச் சொல்லப்போகிறேன். நாளைக்கே நீங்கள் போய்ப் பார்த்தாலும் அவை உங்களை ஏமாற்றும். அவர்மீது எனக்கு மரியாதை வந்த காரணம் அதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹாலோகிராம் என்பது ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியை ஆழத்தோடு தகட்டில் பதியும் முப்பரிமாணப் படம். மேடையில் தோன்றும் 'ஹாலோகிராம்' பெரும்பாலும் ஹாலோகிராமே அல்ல. 2012 குஜராத் தேர்தலிலும் 2014 நாடாளுமன்றத் தேர்தலிலும் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் மோடி பேசியதாகக் காட்டினார்களே, அது பெப்பர் என்பவர் 1862இல் லண்டனில் மேடையேற்றிய பேய்க்காட்சி உத்தியின் நவீன வடிவம். சாய்வாக நிறுத்திய கண்ணாடியில் அல்லது ஒளி ஊடுருவும் மெல்லிய படலத்தில் பிரதிபலிக்கும் தட்டையான பிம்பம், அவ்வளவுதான். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் பேச்சாளரின் காதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது.

உண்மையான ஹாலோகிராமில் தெரியும். அதன் கொள்கையை 1947இல் கண்டவர் டென்னிஸ் காபர் என்ற இயற்பியலாளர். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படத்தைக் கூர்மையாக்க வழி தேடிக்கொண்டிருந்தார். கலை அவர் கணக்கிலேயே இல்லை. 1960இல் லேசர் வந்த பிறகுதான் அந்தக் கொள்கைக்கு உயிர் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லீத், உபாட்னிக்ஸ் இருவரும் ஒரு பொம்மை ரயிலை முப்பரிமாணமாகப் பதிவு செய்தார்கள். சோவியத் ஒன்றியத்தில் டெனிசியூக் சாதாரண வெள்ளொளியிலேயே பார்க்கக்கூடிய வகையைக் கண்டார். 1971இல் காபருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எம்.எஸ்சி. இயற்பியல் படித்தபோது எங்கள் ஆய்வகத்தில் நாங்களும் ஹாலோகிராம் எடுக்க முயன்றோம். லேசர் கற்றையை இரண்டாகப் பிரிப்போம். ஒன்று பொருளின்மீது பட்டுச் சிதறித் தகட்டுக்கு வரும். மற்றொன்று நேராக வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் உண்டாகும் குறுக்கீட்டு வரிகள், அதாவது வெளிச்சமும் இருளும் மாறிமாறி வரும் கோடுகள்தான் பதிவாகின்றன. அந்த வரிகள் ஒளியலை நீளத்தின் அளவுக்கு நுண்மையானவை. பதிவாகும் சில நொடிகளுக்குள் மேசை அந்த அலைநீளத்தில் கால் பங்கு அசைந்தாலும் எல்லாம் போச்சு. கட்டடத்தின் பக்கத்துச் சாலையில் பஸ் ஓடுவது நின்ற பிறகு, மின்விசிறியை அணைத்து, மணல் நிரப்பிய மேசையைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கடைசியில் ஒரு சதுரங்கக் குதிரை கிடைத்தது. தகட்டைச் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் மங்கிய சாம்பல் நிறம் மட்டுமே. குதிரையின் சாயல் கூட இல்லை. லேசரைச் சரியான கோணத்தில் காட்டினால் கண்ணாடிக்குப் பின்னால் குதிரை நிற்கும். தகட்டை உடைத்தால் ஒவ்வொரு துண்டிலும் முழுக் குதிரை தெரியும். அகன்ற ஜன்னலை அடைத்துவிட்டுச் சின்னத் துவாரம் வழியாகப் பார்ப்பதற்குச் சமம் அது: காட்சி குறையாது, பார்க்கும் கோணங்கள்தான் குறையும்.

கலைஞர்கள் 1960களின் கடைசியிலேயே இதற்குள் வந்துவிட்டார்கள். புரூஸ் நௌமன் 1968இல் தன் முகத்தை விரலால் இழுத்துக் கோணலாக்கி ஹாலோகிராம்களாக எடுத்தார். பிரிட்டனில் மார்கரெட் பென்யன், ஓவியராக இருந்து ஆய்வகத்துக்குள் நுழைந்து, பதிவின்போது அசைந்தவை கறுத்த பள்ளமாக மறைந்துபோவதையே தன் படைப்புக்குப் பயன்படுத்தினார். நாங்கள் தோல்வி என்று குப்பையில் போட்டதை அவர் சட்டம் போட்டு மாட்டினார். 1972இல் ஓவியர் சால்வடார் டாலியும் நியூயார்க்கில் ஹாலோகிராம்களைக் காட்சிக்கு வைத்தார். டாலி எதைத்தான் விட்டுவைத்தார்? 1976இல் அதே ஊரில் ஹாலோகிராஃபிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. 1992இல் மூடியும்விட்டது. வியப்பை மட்டும் நம்பிக் கட்டினால் அவ்வளவு காலம்தான் ஓடும் என்பது என் எண்ணம். "பார், பொருள் அங்கேயே இருப்பது போல இருக்கிறது" என்பதைத் தாண்டிப் பல படைப்புகளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதற்குள் ஹாலோகிராம் கடன் அட்டையின் மூலைக்குக் குடிபோய்விட்டது.

டரெல் எண்பதுகளில் ஹாலோகிராம் செய்யத் தொடங்கியபோது அந்தப் பொருளையே எடுத்துவிட்டார். குதிரை இல்லை, முகம் இல்லை. பொருள் இருக்கவேண்டிய இடத்தில் ஒளியையே வைத்துப் பதிவு செய்தார். வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் ஒரு கண்காட்சியில் சிலவற்றைப் பார்த்தேன். இருண்ட கண்ணாடியில் ஒரு பச்சைப் பட்டை. தலையைச் சற்று நகர்த்தினால் அது கண்ணாடியைவிட்டு வெளியே சரிந்து என் பக்கம் நீள்கிறது. இன்னும் நகர்ந்தால் நீலமாகிப் பின்னால் போய்விடுகிறது. இயற்பியல் படித்தவன் என்பதால் முதலில் ஆப்பு வடிவத்தில் என்னத்தை வைத்துப் பதிந்தார்கள் என்று யோசித்தேன். எதையும் வைக்கவில்லை. 'அங்கே' என்று நான் விரல் நீட்டிய இடத்தில் முன்பும் எதுவும் இருந்ததில்லை. எங்கள் குதிரையாவது ஒரு காலத்தில் மேசைமேல் நின்ற குதிரை.

ஆனாலும், வெளிப்படையாகச் சொல்கிறேன், அவருடைய ஹாலோகிராம்கள் அவரின் சிறந்த படைப்புகள் அல்ல. சுவரில் மாட்டலாம், விற்கலாம், பணக்காரர் வீட்டு வரவேற்பறைக்கு ஏற்றவை. அவற்றைச் சரியாகப் புரிந்துகொள்ள லேசரே இல்லாத அவருடைய அறைகளுக்குத்தான் போகவேண்டும்.

டரெல் 1943இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது ஓவியம் அல்ல, புலனுணர்வு உளவியல். விமானமும் ஓட்டுவார். 1966இல் சான்டா மோனிக்காவின் ஓஷன் பார்க் பகுதியில் மூடிக்கிடந்த மெண்டோட்டா ஹோட்டலை வாடகைக்கு எடுத்து, ஜன்னல்களை அடைத்து, அறைகளை இருட்டாக்கினார். பிறகு சுவர்களில் கீறல் போலத் துவாரங்கள் வைத்து, தெருவின் கார் விளக்குகளும் போக்குவரத்து சிக்னலும் உள்ளே வந்து விழுவதைக் கட்டுப்படுத்தினார். எட்டு வருடம் அங்கேயே இருந்தார். 1968-69இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி அருங்காட்சியகத்தின் கலை–தொழில்நுட்பத் திட்டத்தில், ராபர்ட் இர்வின் என்ற கலைஞரோடும், விண்வெளி வீரர்களின் புலனுணர்வு பற்றி ஆராய்ந்த எட் வோர்ட்ஸ் என்ற உளவியலாளரோடும் சேர்ந்தார். எதிரொலியே இல்லாத அறையிலும், பார்வைப் பரப்பு முழுவதும் ஒரே நிறம் நிரம்பிய வெளியிலும் மனிதர்களை உட்காரவைத்து என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். திட்டத்தின் முடிவில் காட்சிப்படுத்தும் பொருளாக எதுவும் மிஞ்சவில்லை. டரெலின் பிற்காலப் படைப்புகள் பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானில் நவோஷிமா தீவுக்கு நான் போனதே இவற்றுக்காகத்தான். கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ நிலத்துக்கு அடியில் கட்டிய சிச்சு அருங்காட்சியகத்தில், 1968இல் டரெல் உருவாக்கிய 'அஃப்ரம்' வகைப் படைப்பு ஒன்று இருக்கிறது. அறையின் மூலையில் ஒளிரும் கனசதுரம் ஒன்று காற்றில் மிதக்கிறது. ரகசியம் இதுதான்: எதிரே உயரத்திலிருந்து ஒரு புரொஜெக்டர், இரண்டு சுவரும் சேரும் மூலையில் ஒரு வடிவத்தைப் பாய்ச்சுகிறது. அந்த வடிவம் ஒரு கனசதுரத்தின் வெளிக்கோடு போலவே இருப்பதால், 'மூலையில் விழுந்த ஒளி' என்பதைவிட 'மிதக்கும் பெட்டி' என்ற விளக்கமே மூளைக்குப் பிடித்திருக்கிறது. நெருங்கிப் போனால் பெட்டி தட்டையாகிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சுவரின் சொரசொரப்பு வரை தெரிகிறது. சரி, தெரிந்துகொண்டோம் என்று பின்னால் நடந்தால், பெட்டி திரும்ப மிதக்கிறது. எனக்கு ஒளியியல் பாடமாகவே தெரியும். என் கண்களுக்கு அதைப் பற்றி அக்கறையே இல்லை.

அதே கட்டடத்தில் 'ஓப்பன் ஃபீல்ட்' இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கறுப்புப் படிகள் ஏறினால், எதிர்ச் சுவரில் நீல நிறத்தில் ஒரு செவ்வகம். திரை என்றுதான் யாரும் நினைப்பார்கள். பணியாளர் "உள்ளே போங்கள்" என்கிறார். எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி அவரை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை முன்னே நீட்டி, கை எதிலும் முட்டாத பிறகுதான் காலை வைத்தார். திரை அல்ல; அதற்கு அப்பால் ஓர் அறை முழுவதும் நீல ஒளி. எது சுவர், எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குப் பிடி கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நாங்கள் வந்த வெள்ளை அறை ஆரஞ்சு நிறமாகிவிட்டிருந்தது. அங்கே யாரும் விளக்கை மாற்றவில்லை. நீலத்தை உணரும் கூம்பு செல்கள் களைத்துப்போனதால், வெள்ளையில் நீலம் கழிந்து மிச்சம் தெரிகிறது. அதாவது, 'வெள்ளை' என்று நான் நம்பியிருந்ததும் என் கண் போட்டுக்கொண்ட கணக்குதான்.

தீவின் ஹொன்முரா பகுதியில் மினாமிதெரா என்ற மரக் கட்டடத்துக்குள் இருப்பது 'நிலவின் மறுபக்கம்', 1999. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சிறந்தது. சுவரைத் தடவிக்கொண்டே முழு இருட்டுக்குள் போய் பெஞ்சில் உட்காரவேண்டும். எதுவும் தெரியாது. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கும். பேச்சு நின்றுவிடும். பல நிமிடங்களுக்குப் பிறகு எதிரே சாம்பல் நிறத்தில் ஏதோ புகை போல. பிறகு அது ஒரு செவ்வகம். ஒளியை மெல்லக் கூட்டுகிறார்கள் என்று நான் உறுதியாக நினைத்தேன். இல்லையாம். நுழைந்த கணத்திலிருந்து அதே அளவு ஒளிதான். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்களில் ரோடாப்சின் நிறமி மீண்டும் உருவாகி, இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். அந்த வேலை நடப்பதைத்தான் நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். மாறியது கலைப்படைப்பு அல்ல, பார்த்தவர்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு என் பதில் இருக்கிறது. மந்திரவாதிக்கு நாம் அறியாமல் இருப்பது தேவை. டரெலுக்கு அது தேவையே இல்லை. அருகில் போய்ப் பார், கை நீட்டிப் பார், உள்ளே நடந்து பார் என்று அவரே விடுகிறார். தெரிந்த பிறகும் பெட்டி மிதக்கிறது என்றால், 'பார்த்தால் நம்புவேன்' என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்தப் பார்வைக்கு நம் அறிவின் பேச்சு எட்டவில்லை. உளவியல் பாடநூலில் இதை ஒரு பத்தியாகப் படிக்கலாம்தான். படித்தபோது எனக்கு எதுவும் ஆகவில்லை.

அவரிடம் குறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1980இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகக் கண்காட்சியில், ஒளியால் உண்டான பொய்ச்சுவரை நிஜச் சுவர் என்று நம்பிச் சாய்ந்தவர்கள் விழுந்தார்கள், வழக்கும் வந்தது. புலனுணர்வைக் கேள்வி கேட்பது நல்லதுதான், மணிக்கட்டை உடைப்பது வேறு. அண்மைக் காலப் பெரிய வண்ண அறைகள் சில எனக்கு வெறும் அழகாகவே தெரிகின்றன. நிறம் மாறிக்கொண்டே இருந்தால் கண் வேலை செய்யாது, வேடிக்கை மட்டும் பார்க்கும். அரிசோனாவில் ரோடன் க்ரேட்டர் என்ற அணைந்த எரிமலையை 1977இல் வாங்கி, அதற்குள் சுரங்கப்பாதைகளும் வானம் பார்க்கும் அறைகளும் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு மனிதர் எரிமலை வாங்குவது பற்றி எனக்குக் கருத்துச் சொல்லத் தெரியவில்லை.

நவோஷிமாவுக்கு இப்போதைக்குப் போகமுடியாது என்றால் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பார்வைப் பரப்பு முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்பி 1930களிலிருந்தே உளவியலாளர்கள் ஆராய்ந்துவரும் சோதனையின் எளிய வடிவம் இது. ஒரு மேசைப்பந்தைப் பாதியாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்து, இரண்டு பாதிகளையும் திறந்த கண்களின்மேல் மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். பந்தில் எழுத்து எதுவும் அச்சிட்டிருக்கக் கூடாது. சிவப்பு விளக்கு ஒன்றை நிலையாக எரியவிட்டு, அதன் பக்கம் முகத்தைக் காட்டிச் சும்மா படுத்திருங்கள். சில நிமிடங்களில் சிவப்பு வெளுத்துச் சாம்பலாகிவிடும். அறையில் வேறு யாராவது இருந்தால் நல்லது. விளக்கை அணைத்துவிட்டாயா என்று கட்டாயம் கேட்பீர்கள்.