பாட்டி நீட்டும் ஏடிஎம் அட்டையை வாங்காதீர்கள்

சிங்கப்பூர் யீஷூனில் நீங்கள் பார்த்துக்கொள்ளும் பாட்டி, மறதி நோயுள்ளவர், ஏடிஎம் அட்டையைக் கையில் திணித்து ‘500 வெள்ளி எடுத்து வா, 100-ஐ நீ வச்சுக்கோ’ என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வாங்காதீர்கள் அக்கா. கொடுத்ததை நாளை மறந்துவிட்டு, திருடிவிட்டாள் என்பார். அவர் மேல் தப்பில்லை, நோய் அப்படி.

பாட்டியின் மகனிடம் எல்பிஏ பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்; தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் தனக்காக யார் முடிவெடுக்கலாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம் அது. பாட்டி தெளிவாக இருந்தபோது எழுதியிருந்தால், பணத்துக்கென அதில் நியமிக்கப்பட்டவர் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் குடும்பம் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்; மகன் என்பது மட்டும் போதாது. அது அவர்கள் தலைவலி.

சந்தைக் காசுக்கு ஒரு கணக்கு நோட்டு போடுங்கள். நான் ரசீதை ஒட்டி, வாரம் ஒருமுறை வீட்டாரிடம் கையெழுத்து வாங்குவேன். மறுபடி அட்டையை நீட்டினால், ‘அலமாரியிலேயே இருக்கட்டும் பாட்டி, டீ ஆறுது’ என்று பேச்சை மாற்றிவிட்டு, அன்றே மகனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்.