அம்மணிக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

அன்புள்ள அக்கா,

தி. ஜானகிராமனின் ‘மரப்பசு’ நாவலைப் படித்து முடித்தேன். சிவதாபுரத்தில் எங்களுக்கு வீட்டோடு கொலுசுப் பட்டறை. எம்.ஏ. முடித்த நான் பகல் முழுக்க சலங்கை பற்றவைக்கிறேன். கூலி என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாம் மாமனார் கணக்கில். கல்யாணமே வேண்டாமென்று கிளம்புகிறவளுக்குத்தான் சுதந்திரம் என்றால், கிளம்ப முடியாத எனக்கு இந்த நவீன நாவல்களில் என்ன இருக்கிறது?

- பெயர் வேண்டாம் என்ற வாசகி, சேலம்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ‘மரப்பசு’வின் நாயகி அம்மணியின் துணிச்சலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவளை வைத்துக் காப்பாற்றுவது பாடகர் கோபாலி என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தாலியை மறுத்தவள் இன்னொருவர் பணத்தில்தான் வாழ்கிறாள்.

இந்தப் பணக் கேள்வியை நேராகக் கேட்டவர் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப். 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளுக்காகத் தயாரித்த உரைகளிலிருந்து உருவானது, 1929இல் வெளியான ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ என்ற அவருடைய புத்தகம். அதன் கதைசொல்லிக்கு, பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த ஓர் அத்தை, ஆண்டுக்கு 500 பவுண்டு எழுதிவைக்கிறாள். பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த அதே சமயத்தில்தான் அந்தச் செய்தியும் வருகிறது. இரண்டில் பணம்தான் பெரிதாகத் தெரிந்தது என்கிறாள். ஓட்டுக்காகப் பெண்கள் சிறைக்குப் போன நாட்டில் இதை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்தப் பணம் வருவதற்கு முன் கதைசொல்லி உறைகளில் முகவரி எழுதியிருக்கிறாள், செயற்கைப் பூ செய்திருக்கிறாள், வயதான பெண்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அந்த வேலைகளைவிட, அவை மனசுக்குள் ஊற்றிய பயமும் கசப்பும்தான் கொடுமை என்கிறாள். உங்கள் கடிதத்திலும் அந்தக் கசப்பு இருக்கிறது.

பம்பாய் அத்தையின் பணம் யார் உழைப்பில் சேர்ந்தது என்று நாம் கேட்கத்தான் வேண்டும். ஏற்காட்டில் வெள்ளைக்காரர்கள் போட்ட காப்பித் தோட்டங்களிலும் பழம் பறித்த பெண்கள் இருந்தார்கள். வுல்ஃப் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. அது அந்தப் புத்தகத்தின் குறைதான்.

கிளம்பாத பெண்ணைப் பற்றி வேண்டுமென்றால் எழுத்தாளர் அம்பையிடம் போங்கள். அவருடைய ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ சிறுகதையில் ராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்பம் ஒன்று. மருமகள் மீனாட்சி அந்த இருட்டுச் சமையலறையைக் கொஞ்சம் வசதியாக்கலாமே என்கிறாள், அதற்கே வீடு முகம் சுளிக்கிறது. மாமியார் ஜீஜியின் அதிகாரமெல்லாம் அந்த அடுப்படியிலிருந்து வருவது. அது அதிகாரமே இல்லை என்று மீனாட்சி அவளிடமே பேசுகிற இடத்தை நிதானமாகப் படியுங்கள். அங்கே யாரும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

சரி, பட்டறை விஷயம். வெளியாள் ஒருத்தி பற்றவைத்தால் என்ன கூலியோ, அதை உங்கள் பெயரில் வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள். மாமனாரிடம் கேட்பது லேசல்ல. கணவர் உங்கள் பக்கம் நிற்பாரா என்று நீங்கள் எழுதவில்லை, முதலில் அவரிடம் பேசிப் பாருங்கள். அப்புறம், ‘மரப்பசு’வை இன்னொரு முறை எடுத்து, பணம் கைமாறுகிற இடங்களை மட்டும் குறித்துக்கொண்டே படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா