பழைய சிறு டிராக்டர் வாங்குமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று சொந்தமாகச் செம்பனையோ காய்கறியோ போட்டிருக்கும் நம்மவர்கள், பழைய சிறு டிராக்டரை அதன் இணைப்புக் கருவிகளோடு வாங்குவது பற்றித் தொடர்ந்து கேட்டு எழுதுகிறார்கள். சேமிப்பில் பெரும்பகுதி இதில் போய்விடுகிறது என்பதால், வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விரிவாகவே பதில் தருகிறேன்.

ஐயா, ஈப்போ பக்கம் ஒரு கடையில் ஜப்பானிலிருந்து வந்த 20 குதிரைத்திறன் டிராக்டர் நிற்கிறது. மீட்டர் 480 மணி நேரம்தான் காட்டுகிறது. நம்பலாமா?

ஜப்பானில் சிறு நெல் விவசாயிகள் ஆண்டுக்குச் சில வாரங்களே டிராக்டரை ஓட்டுவதால், இருபது வயதான வண்டியில் குறைந்த மணி நேரம் இருப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் மீட்டரை மாற்றிவிடுவதும் எளிது. ஆகவே மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, கைகால் பட்டும் உராய்ந்தும் தேயும் இடங்களைப் பாருங்கள். கிளட்ச் மிதியின் ரப்பர் போய், அடியிலுள்ள இரும்பின் விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தாலோ, பின்னால் கருவியைத் தாங்கும் கீழ்க்கைகளின் உருண்டை முனைகள் கையால் ஆட்டினாலே கடகடத்தாலோ, பின்னாலுள்ள இழுவைக் கொக்கியின் ஊசித் துளை வட்டம் போய் நீள்வட்டமாகியிருந்தாலோ, அந்த வண்டி பல ஆயிரம் மணி நேரம் உழைத்திருக்கிறது என்று கொள்ளலாம். புதுச் சாயம் இவற்றை மறைக்காது.

குறைந்த மணி நேரம் உண்மையாகவே இருந்தாலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வண்டி ஓடிய சில வாரங்களும் சேற்றிலும் தண்ணீரிலும் ஓடியவை. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் முன் அச்சின் இரு முனைகளிலும் உள்ள கியர் கூடுகளுக்குள் எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும். விற்பவரிடம் அனுமதி கேட்டு, வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, கூட்டின் அடியிலுள்ள வடிகால் திருகைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருந்து முதலில் வெளியே வரும். தெளிந்த எண்ணெய் வந்தால் நல்லது. பால் கலந்த தேநீரைப் போல வந்தால் உள்ளே பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம், அந்தச் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும். அனுமதிக்க மறுக்கும் கடையில் நான் வாங்கமாட்டேன்.

நான் போகும் ஒவ்வொரு முறையும் என்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் ஏதாவது சூது உண்டா?

இருக்கலாம். சூடான என்ஜின் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். முன்கூட்டிச் சொல்லாமல் காலையில் போய், என்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரின் மேல் எண்ணெய்ப் படலமோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். சூடான ரேடியேட்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. அடுத்து அளவுக்கோலை உருவி என்ஜின் எண்ணெயைப் பாருங்கள். பழைய டீசல் என்ஜினின் எண்ணெய் கறுத்திருப்பது இயல்பு; வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

நம் வெப்பத்தில் நல்ல சிறு டீசல் என்ஜின், முன்சூடாக்கியைச் சில விநாடிகள் பிடித்தால் போதும், உடனே பற்றிக்கொள்ளும். தொடக்கத்தில் கொஞ்சம் வெண்புகை வந்து அடங்குவதால் கவலையில்லை. நீலப்புகை நிற்காமல் வந்தால் என்ஜின் எண்ணெயை எரிக்கிறது. சுமை ஏறும்போது வரும் கரும்புகைக்கு அடைபட்ட காற்று வடிகட்டி போன்ற எளிய காரணமும் இருக்கலாம். பத்து நிமிடம் ஓடியபின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடியுங்கள். லேசான மூச்சு பட்டால் சரி. புஸ்புஸ்ஸென்று புகையும் எண்ணெய்த் துளியும் கையில் அடித்தால் பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. என்ஜினைப் பிரிக்கும் செலவுக்கு நீங்கள் தயாராக இல்லையென்றால் அந்த வண்டி வேண்டாம்.

மண்ணைக் கிளறும் ரோட்டோவேட்டர், புல்வெட்டி, முன் வாரி (முன்னால் மாட்டி மண் அள்ளுவது), டிரெய்லர் எல்லாம் சேர்த்து ஒரே விலை சொல்கிறார். லாபம்தானே?

கருவிகள் வண்டிக்குப் பொருந்தி வேலையும் செய்தால்தான் லாபம். பல ஜப்பானிய வண்டிகளின் ரோட்டோவேட்டர் அந்தந்த நிறுவனத்தின் தனி இணைப்பில் மாட்டுவது; வேறு வண்டியின் கருவி அதில் ஏறாது. புல்வெட்டி போன்ற பொதுக் கருவிகளுக்கு மும்முனை இணைப்பு, அதாவது இரு கீழ்க்கைகளும் ஒரு மேற்கையும் கருவியைப் பிடிக்கும் அமைப்பு, வேண்டும். சிறு டிராக்டர்களுக்கான முதல் வகை (Category 1) மும்முனை இணைப்பில் கீழ்க்கை ஊசி சுமார் 22 மில்லிமீட்டர், மேற்கை ஊசி சுமார் 19 மில்லிமீட்டர் விட்டமுடையவை. அளவுகோலை எடுத்துப்போய் அளந்து பாருங்கள். என்ஜின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் விசைத்தண்டு (PTO) பொதுவாக ஆறு பள்ளங்களும் 35 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. வண்டியின் பக்கமும் கருவியின் பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பலர் தவறவிடுவது விசைத்தண்டின் வேகத்தைத்தான். புல்வெட்டி பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு வடிவமைக்கப்பட்டது. ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் விசைத்தண்டுக்கு மூன்று நான்கு கியர்கள் உண்டு. மேல் கியரில் வேகம் அதைத் தாண்டிப் போய்விடும். அந்த வேகத்தில் கத்தி கழன்றால் அது பறக்கும் திசையில் நிற்பவர் பிழைப்பது கடினம். எந்தக் கியர் எந்த வேகம் என்பதை வண்டியில் ஒட்டியுள்ள அட்டவணையிலிருந்து அறிந்துகொள்ளாமல் புல்வெட்டியை இயக்க வேண்டாம்.

ஒவ்வொரு கருவியையும் மாட்டி, மண்ணிலும் லாலாங் புல்லிலும் உண்மையாகவே வேலை வாங்கிப் பாருங்கள். ரோட்டோவேட்டரின் சுழல்தண்டு முனைகளில் நைலான் கயிறும் புல்லும் சுற்றியிருந்தால் அவற்றை வெட்டி எடுத்துவிட்டு எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தடுப்பு வளையம் கிழிந்திருக்கும். கத்திகள் தேய்ந்திருப்பது பெரிய குறையல்ல, மாற்றிக்கொள்ளலாம். புல்வெட்டியில், கல்லில் மோதினால் தானே ஒடிந்து கியர் பெட்டியைக் காக்க வேண்டிய மென்மையான போல்ட்டுக்குப் பதிலாக யாராவது கடினமான போல்ட்டைப் போட்டிருந்தால், கியர் பெட்டி அடிபட்டிருக்கும் என்று ஐயப்படுங்கள். முன் வாரி மாட்டிய வண்டியில், அதைத் தாங்கும் சட்டங்கள் உடலோடு சேரும் இடத்தில் விரிசலோ மறுபற்றவைப்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிறு வண்டியின் முன் அச்சு, வாரியின் சுமையால் சீக்கிரம் தளரும். செம்பனைக் குலை ஏற்ற மட்டும்தான் வண்டி வேண்டும் என்றால் வாரியை விட்டுவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் என்பதே என் யோசனை.

தூக்கிய கருவி என்ஜினை நிறுத்தியதும் இறங்கிவிடுகிறது. வாங்கலாமா?

பல நிமிடங்களில் மெல்ல இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். உடனே இறங்கினால் ஹைட்ராலிக் சிலிண்டரின் வளையமோ வால்வோ கசிகிறது. இருக்கையின் கீழுள்ள இறங்குவேகக் குமிழை மூடி வைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்து காட்டுவோரும் உண்டு. குமிழைத் திறந்தபின் பாருங்கள். தூக்கியிருக்கும் கருவியின் அடியில் யாரும் கை வைக்கக்கூடாது.

என் கணவர் வாங்கப் பார்க்கும் வண்டியில் பின்னால் கம்பி வளைவு இல்லை. எங்கள் நிலம் சரிவானது. பயமாக இருக்கிறது, ஐயா.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. சரிவில் சிறு டிராக்டர் பக்கவாட்டில் சாய்வதற்கும், முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்வதற்கும் ஒரு கணம் போதும். அந்தக் கம்பி வளைவும் இருக்கை வாரும் சேர்ந்துதான் ஓட்டுநரைக் காக்கும். வளைவு இல்லாத வண்டியில் வாரைக் கட்டுவது, கவிழும்போது வண்டியோடு சேர்த்து நசுக்கிவிடும். தாழ்ந்த செம்பனை மட்டைகள் இடிக்கும் என்று வளைவைக் கழற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். மடக்கும் வகை வளைவு கிடைக்கிறது, மரத்தடியில் மட்டும் மடக்கி மற்ற இடங்களில் நிமிர்த்திக்கொள்ளலாம். அந்த மாடலுக்கென்று செய்த வளைவை வாங்கிப் பொருத்தும்வரை சரிவில் ஓட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பட்டறையில் சாதாரணக் குழாயை வளைத்துப் பற்றவைப்பது பாதுகாப்பாகாது. இடது, வலது பிரேக் மிதிகளைச் சேர்க்கும் கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி சட்டெனத் திரும்பிக் கவிழும்.

பத்திரம், டீசல் பற்றிச் சொல்லுங்கள்.

நிலத்துக்குப் போக பொதுச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி வண்டி பதிவாகியிருக்க வேண்டும். கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரத்தில்) உள்ள என்ஜின், சேஸி எண்களை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டபின் பணம் கொடுங்கள். டீசலைப் பொறுத்தவரை, நம் நிலையங்களில் விற்பதில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. போக்குவரத்துக்கான டீசலில் 2019இல் அந்தக் கலப்பு 10 விழுக்காடாக்கப்பட்டது. பயோடீசல் பழைய தொட்டியின் அடியில் படிந்த கசடைக் கரைத்து வடிகட்டியை அடைக்கும், பழைய ரப்பர்க் குழாய்களையும் உப்பச் செய்து மென்மையாக்கும். ஆகவே வாங்கிய கையோடு எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள், முதல் சில மாதங்களுக்கு ஒரு வடிகட்டியைக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள்.