கார் ஓட்டியவர் குடித்திருந்தால் இழப்பீடு கிடைக்காதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். நாற்பது நாட்களுக்கு முன்பு, விடியற்காலை நாலரை மணிக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது பின்னால் வந்த கார் மோதிவிட்டது. தொடை எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். ஓட்டியவர் நல்ல போதையில் இருந்ததை டீக்கடையில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். போலீஸில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒருவர், "டிரைவர் குடித்திருந்தால் இன்சூரன்ஸ் பணம் வராது, ஓனரின் தம்பி ஓட்டியதாக எழுதிக்கொள்வோம், கோர்ட் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அப்பா சைக்கிளில் லைட் இல்லை, ஹெல்மெட்டும் போடவில்லை. எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

பதில்: கிடைக்கும், சகோதரி. கார் ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதற்காக உங்கள் அப்பாவுக்கு வரவேண்டியதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அந்த ஆள் சொன்னதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதைக் காட்டித்தான் இவர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

கார் இன்சூரன்ஸில் இரண்டு பகுதி உண்டு. ஓனரின் கார் நசுங்கினால் அதைச் சரிசெய்யக் கொடுப்பது ஒன்று. ஓட்டியவர் குடித்திருந்தால் இந்தப் பணத்தைக் கம்பெனி மறுத்துவிடும். இன்னொன்று மூன்றாம் நபர் காப்பீடு. அந்தக் காரால் ரோட்டில் யாருக்காவது அடிபட்டால் அவருக்குக் கொடுப்பதற்காகச் சட்டமே கட்டாயமாக்கி வைத்திருப்பது. உங்கள் அப்பாதான் அந்த மூன்றாம் நபர். ஓட்டியவர் செய்த குற்றத்துக்கு அடிபட்டவரைத் தண்டிப்பதற்காக இந்தச் சட்டம் வரவில்லை.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, கம்பெனி எதிர்வாதம் செய்யக்கூடிய காரணங்களில் போதையையும் சேர்த்தார்கள். கம்பெனி வக்கீல்கள் அதை எல்லா வழக்கிலும் எடுத்து நீட்டுவார்கள். நீட்டட்டும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே ஒரு வழி சொல்லிவிட்டது: முதலில் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடு, அப்புறம் ஓனரிடம் வசூல் செய்துகொள். கோர்ட் வட்டாரத்தில் இதை 'பே அண்ட் ரெகவர்' என்பார்கள். குடிபோதை வழக்கிலும் இதே வழிதான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் இதே வழியில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆகவே கம்பெனிக்கும் ஓனருக்கும் நடக்கும் சண்டையில் உங்களுக்கு வேலை இல்லை.

அப்படியானால் அந்த ஆள் ஏன் டிரைவரை மாற்றச் சொல்கிறார்? லாபம் யாருக்கு என்று பாருங்கள். ஆளை மாற்றிவிட்டால் குடித்து ஓட்டியவர் 185-ஆம் பிரிவிலிருந்து தப்பிக்கிறார். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விழக்கூடிய குற்றம் அது. ஓனரிடம் கம்பெனி வசூல் செய்யவும் வழி இல்லாமல் போகிறது. ஓனருக்கு லட்சக்கணக்கில் மிச்சம், அதில் புரோக்கருக்கு ஒரு பங்கு. உங்களிடமும் ஒரு பங்கு. உங்கள் அப்பாவுக்கோ, உண்மையான வழக்கு போய்ப் பொய் வழக்கு ஒன்று கையில் மிஞ்சும். டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி, "ஓட்டினது இவர் இல்லைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் மொத்தமும் சரிந்துவிடும். போலி விபத்து வழக்குகள் பெருகிப்போய், அவற்றை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. அந்த வலையில் சிக்குவது கையெழுத்துப் போட்ட ஏழைக் குடும்பம்தான். புரோக்கரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அவரிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெற்றுத்தாளிலோ வக்காலத்திலோ ஏற்கனவே கையெழுத்து வாங்கியிருந்தால் திரும்பக் கேளுங்கள். தரவில்லையென்றால், இன்னாரிடம் இப்படிக் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது என்று போலீஸில் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

அடுத்தது சி.எஸ்.ஆர். புகார் வந்தது என்பதற்கான ரசீது அது, அவ்வளவுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டில் வழக்கை நிலைநிறுத்துவது கஷ்டம். எலும்பு முறிந்த விபத்துக்கு நாற்பது நாளாக எஃப்.ஐ.ஆர். போடாமல் இருப்பது அநியாயம். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் போலீஸார், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசின் விதி இருக்கிறது. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. இது ஒழுங்காக நடந்தால் ஒரு குடும்பமும் புரோக்கர் வாசலுக்குப் போக வேண்டியதில்லை. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள். இவ்வளவு நடக்கும் மாநிலத்தில், அடிபட்டவரின் மகள் ஒரு எஃப்.ஐ.ஆருக்காக ஸ்டேஷன் படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். நடந்த நேரம், இடம், கார் எண், ஓட்டியவர் போதையில் இருந்தது, பார்த்தவர்கள் யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

ஓட்டியவருக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா, எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். மனித உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். நாலரை மணிக்கு 110 இருந்தவரை, "வக்கீல் வரட்டும், ஓனர் வரட்டும்" என்று உட்காரவைத்துப் பத்தரை மணிக்கு ரத்தம் எடுத்தால் 20 என்றுதான் வரும். காகிதத்தில் அவர் நிரபராதி ஆகிவிடுவார். இந்தத் தாமதத்தை வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று பல வழக்குகளைப் பார்த்தபின் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதற்காக நீங்கள் மனம் உடைய வேண்டாம். போதை நிரூபணம் ஆகாவிட்டாலும், பின்னால் இருந்து வந்து மோதிய அஜாக்கிரதை போதும். இழப்பீட்டு வழக்கு நிற்பது அதன்மேல்தான்.

அதைவிட முக்கியமான காகிதம் ஒன்று இருக்கிறது. அப்பாவை முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் போட்ட ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். அதை வாங்கி முதல் இரண்டு வரிகளைப் படித்துப் பாருங்கள். இந்த நேரத்தில், இந்த இடத்தில், கார் மோதியதாக என்று இருக்க வேண்டும். கூட வந்தவர் பதற்றத்தில் "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லியிருந்தால் டியூட்டி டாக்டர் அதை அப்படியே எழுதியிருப்பார். தானாக விழுந்தார் என்ற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வருஷக்கணக்கில் வழக்கை இழுக்கும். அப்படி இருந்தால், ஆஸ்பத்திரியில் சேர்த்தவரையே சாட்சியாக அழைத்து விளக்கம் சொல்ல வைக்க வேண்டும். உங்கள் வக்கீலுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

லைட், ஹெல்மெட் விஷயத்தில் பயப்படாதீர்கள். நம் நாட்டில் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை. தொடை எலும்பு முறிந்ததற்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தமும் இல்லை. லைட் இல்லை என்பதை வைத்து 'அவர் பேரிலும் தப்பு' என்று கம்பெனி வாதாடி, தொகையில் ஒரு பங்கைக் கழிக்கப் பார்க்கும். முன்பக்க லைட் இருந்திருந்தால் பின்னால் வந்த காருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும். சைக்கிளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ரிப்பேரும் பண்ணாதீர்கள். பின்சக்கரம் எப்படி வளைந்திருக்கிறது, கேரியர் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது, பின் மட்காட்டில் கார் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று கிட்டத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். கம்பி பின்பக்கத்திலிருந்து முன்னால் மடங்கியிருந்தால், கார் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இவ்வளவும் காருக்கு அன்றைக்கு இன்சூரன்ஸ் இருந்தால்தான். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று ஓனர் ஒரு பாலிசியைக் காட்டுவார். பாலிசி இருக்கும், ஆனால் அது விபத்து நடந்த நிமிடத்தில் உயிரோடு இருந்ததா என்பதே கேள்வி. நாலரை மணிக்கு இடித்துவிட்டு, பத்து மணிக்கு ஆன்லைனில் பாலிசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேதி ஒன்றாகத்தான் இருக்கும். எத்தனை மணியிலிருந்து என்பது பாலிசியில் அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள். பழைய பாலிசி எப்போது முடிந்தது என்பதையும் பாருங்கள். இடையில் ஒருநாள் விட்டுப்போயிருந்தாலும் அந்த ஒருநாளுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. அப்போது 'முதலில் கொடு, அப்புறம் வசூல் செய்' என்று எந்த நீதிபதியும் கம்பெனிக்குச் சொல்ல முடியாது. முழுப் பணத்தையும் ஓனரிடமும் ஓட்டியவரிடமும்தான் வாங்க வேண்டும். அவர்கள் சொத்தை அண்ணன் பேருக்கும் மனைவி பேருக்கும் மாற்றிவிட்டு வெறும் கையைக் காட்டுவார்கள். இதற்காகத்தான், இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைத் தக்க ஈடு வாங்காமல் விடுவிக்கக் கூடாது, ஈடு தராவிட்டால் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. உங்கள் வழக்கில் எஃப்.ஐ.ஆரே போடவில்லை என்றால் கார் ஸ்டேஷனில் இருக்கிறதா, ஓனர் வீட்டுக்குப் போய்விட்டதா? எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எது வரைக்கும் என்று தெரியும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, புரோக்கர் ஏதாவது ஒரு தொகை சொல்லியிருப்பார். கணக்கு ரகசியம் இல்லை. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்ததாகத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், அவர் வயதுக்கு எதிர்கால உயர்வாக 10 சதவீதம் சேர்த்து 16,500. பன்னிரண்டு மாதத்துக்கு 1,98,000. இந்த வயதுக்கான பெருக்கல் எண் 11. ஆக 21,78,000. இதில் எத்தனை சதவீதம் சம்பாதிக்கும் சக்தி போனதோ அத்தனை சதவீதம். சிக்கல் இந்த இடத்தில்தான் வரும். மருத்துவக் குழு காலைப் பார்த்து 30 சதவீத ஊனம் என்று எழுதினால், 6,53,400 என்று கணக்குப் போட்டுக் கம்பெனி முடிக்கப் பார்க்கும். அது தவறு. உட்கார்ந்து எழுதுகிறவருக்கு 30 சதவீத ஊனம் வேறு, மூட்டை தூக்குகிறவருக்கு வேறு. அந்தக் காலால் அவர் செய்து வந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மார்க்கெட்டில் கூட வேலை செய்கிறவர்களையும் கூலி கொடுத்த மண்டிக்காரரையும் சாட்சி சொல்ல வைத்தால் அந்த 30 கணிசமாக உயரக்கூடும். ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்கள், வலிக்கான தொகை எல்லாம் தனி. உடனே 2,50,000 தருகிறோம், தவறு யார் மேல் என்றே பார்க்க வேண்டாம் என்று 164-ஆம் பிரிவைக் காட்டி யாராவது வந்தால், வாங்குவதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள். அதை வாங்கிக்கொண்டால் முழு இழப்பீடு கேட்கும் பெரிய மனு காலாவதியாகிவிடும்.

வக்கீல் பிடிப்பதிலும் ஒரு விஷயம். 'ஜெயித்த பணத்தில் 30 சதவீதம், 40 சதவீதம்' என்று பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதி தடை செய்திருக்கிறது. அப்படிப் பேசுகிற இடத்தில் நிற்காதீர்கள். கட்டணத்தைத் தொகையாகப் பேசி ரசீது வாங்குங்கள். இழப்பீடு இப்போது வங்கிக் கணக்குக்கு நேராக வருவதால், புரோக்கர்கள் அப்பா பேரில் புதிதாகக் கணக்குத் தொடங்கி ஏ.டி.எம். கார்டையும் கையெழுத்துப் போட்ட காசோலைகளையும் தங்களிடம் வைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் புத்தகமும் கார்டும் உங்கள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. கட்டணம் கொடுக்க முடியாவிட்டால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 முதல் கெடு வைத்திருக்கிறார்கள். கால் உடைந்து படுத்திருப்பவருக்கு ஆறு மாதம் என்று கெடு வைத்தவர்கள் ஒரு நாளாவது எலும்பு முறிவு வார்டில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. நீங்கள் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நாற்பது நாள் போய்விட்டது, இன்னும் நாலரை மாதம்தான் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு உரிய தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், வேறு ஊருக்கு அலைய வேண்டாம். இந்த வாரத்துக்குள் கண்காணிப்பாளருக்குத் தபால், ஏ.ஆர். காப்பி, இன்சூரன்ஸ் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் முடித்துவிட்டு வக்கீலைப் பாருங்கள்.