லிப்பிட் மென்பொருள் படிப்பு சோறு போடுமா? சுங்கை சிப்புட் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. ஆறாம் படிவம் முடிக்கும் மகள், லிப்பிட் எனப்படும் கொழுப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பக்கம் போகிறேன் என்கிறாள், தோட்டத்தில் யாரும் கேள்விப்படாத வேலையாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறீர்கள். வீட்டைச் சுற்றி நிற்கும் செம்பனை தருவதே கொழுப்புதானே! அதில் உள்ள மூலக்கூறுகளை எடை போடுவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். எடையை வைத்துப் பெயர் சொல்வது மென்பொருள். அந்தப் பெயர் சரிதானா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

ஓர் உதாரணம், மகளிடம் காட்டுங்கள். பிசி 34:1 என்ற கொழுப்பு (பிசி என்பது பாஸ்ஃபாடிடைல்கோலின் என்ற வகை, 34 அதன் கொழுப்பமிலங்களில் உள்ள கார்பன் எண்ணிக்கை, 1 இரட்டைப் பிணைப்பு) புரோட்டானோடு சேர்ந்தால் 760.585 என்ற எடையில் தெரியும். கண்ணாடிக் குப்பியிலிருந்தோ கரைப்பானிலிருந்தோ வந்த சோடியம் ஒட்டிக்கொண்டால் அதே கொழுப்பு 782.567க்குப் போய்விடும். பிசி 36:4 என்ற வேறு கொழுப்பு நிற்பது 782.569இல். இடைவெளி வெறும் 0.0024. எம்எஸ்-டயல் மென்பொருளின் இயல்பான அமைப்போ 0.01 வரை விட்டுக்கொடுக்கும். எடையை மட்டும் நம்பினால் இல்லாத கொழுப்பு பட்டியலில் ஏறிவிடும்.

குலை வெட்டுகிறவர் நிறத்தை மட்டும் பார்த்து அரிவாளை நீட்டுவதில்லை, கீழே உதிர்ந்த பழத்தைப் பார்ப்பார். இங்கேயும் உதிரியைத்தான் பார்க்க வேண்டும். மூலக்கூறை உடைத்தால் உண்மையான பிசி 36:4, 184.07 என்ற துண்டைப் பலமாகக் காட்டும். சோடியம் ஒட்டியது முதலில் 59 எடையை இழக்கும். நேரமும் காட்டிக்கொடுக்கும்: கொழுப்புகளைப் பிரித்து ஒவ்வொன்றாக அனுப்பும் ரிவர்ஸ் ஃபேஸ் குழாயிலிருந்து பிசி 36:4, பிசி 34:1க்கு முன்னதாக வெளிவரும். 760.585 வரும் அதே நிமிடத்தில் 782.567 வந்தால் அது சோடியம்தான். இன்னொன்று, 184 துண்டு, பிசி என்ற வகையை மட்டுமே சொல்லும். 16:0, 18:1 என்று கொழுப்பமிலங்களைப் பிரித்து எழுத, எதிர்மின் அயனிகளைப் பார்க்கும் நெகட்டிவ் முறையில் 255.23, 281.25 இரண்டும் தெரிய வேண்டும். தெரியாமலே எழுதியிருந்தால் அது ஊகம்.

இந்தத் தடுமாற்றம் மாணவர்களுக்கு மட்டும் அல்ல. 2024இல் வந்த ஓர் ஆய்வில் ஒரே தரவை எம்எஸ்-டயல், லிப்போஸ்டார் என்ற இரண்டு மென்பொருள்களிலும் இயல்பான அமைப்பில் ஓட்டிப் பார்த்தார்கள். பெயர்கள் ஒத்துப்போனது 14 விழுக்காடு. உடைத்த துண்டுகளையும் சேர்த்த பிறகும் 36.1தான்.

ஆகவே அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு விண்ணப்பத்தில் வேதியியல் அல்லது உயிர்வேதியியல் முதலில் இருக்கட்டும். ஆய்வகம் தொடாத கணினிப் படிப்பை நாங்கள் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டோம். பைதான் அல்லது ஆர் என்ற நிரல்மொழி, கொஞ்சம் புள்ளியியல், இவற்றை விடுமுறையில் கற்கலாம். சோடியம் எங்கே ஒட்டும் என்பதற்கு வேதியியல் ஆசிரியர் வேண்டும்.

செலவு பற்றிக் கேட்டீர்கள். லிப்பிட்சர்ச் போன்ற மென்பொருள்கள் உரிமம் வாங்கி ஓட்டுபவை, அவற்றுக்கு வீட்டுப் பணம் போடாதீர்கள். எம்எஸ்-டயல் இலவசம், லிப்பிட் மேப்ஸ் தரவுத்தளமும் இலவசம். விண்டோஸ் மடிக்கணினியில் 16 ஜிபி நினைவகம் இருந்தால் நல்லது. மாதிரித் தரவை இறக்கி, எடை வித்தியாசத்தை 0.01இலிருந்து 0.05ஆக மாற்றி ஓட்டட்டும். கூடுதலாக முளைத்த பெயர்களில் பத்தை எடுத்து, துண்டையும் நேரத்தையும் கையால் சரிபார்க்கட்டும். அலுப்பாக இருந்தால் இந்த வேலை அவளுக்கு வேண்டாம். நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தால் தடுக்காதீர்கள்.

வேலை விளம்பரத்தில் ‘லிப்பிட்’ என்ற சொல்லைத் தேடி ஏமாற வேண்டாம். இளங்கலையோடு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களைப் பார்க்கலாம். பாங்கி நகரில் உள்ள மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் போன்ற இடங்களில் ஆய்வுப் பணிக்கு முதுகலை வரை யோசியுங்கள். பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகும் நாளில் ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: கலவையைப் பிரித்து எடை போடும் எல்சி-எம்எஸ் கருவியை இளங்கலை மாணவர் கையால் தொட விடுவார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரியா?