இங்கிலாந்தில் கிராமத் திடலில் கவுன்சிலே (உள்ளாட்சி மன்றமே) வீடு கட்ட வந்தால், ஊர்க்காரர்களால் தடுக்க முடியுமா?

முடியும். ஆனால் "எங்கள் வீட்டு மதிப்பு குறையும், ஜன்னலில் தெரியும் காட்சி போய்விடும்" என்று எழுதிப் போட்டால் எடுபடாது. கட்டடத் திட்ட அனுமதியில் அவை கணக்கிலேயே வராது. போக்குவரத்து, வெள்ள வடிகால், விளையாட இடமின்மை இவையெல்லாம் வரும்.

பலரும் முதலில் ஓடுவது 2006-ம் ஆண்டுப் பொதுநிலச் சட்டத்திடம். யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிவுமறைவின்றி, தடுப்பை மீறாமல் 20 ஆண்டுகள் ஊரார் புழங்கிய நிலத்தைக் 'கிராமப் பசுந்திடல்' என்று பதிவுசெய்து கட்டுமானத்தைத் தடுக்கலாம். ஆனால் கவுன்சில் நிலத்தில் இது பெரும்பாலும் சறுக்கும். விட்பி ஊர்த் திடல் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: பொழுதுபோக்குக்கென்று கவுன்சிலே சட்டப்படி கொடுத்த இடத்தில் மக்கள் உரிமையோடுதான் நடமாடுகிறார்கள், ஆகவே 'அனுமதியின்றி 20 ஆண்டு' என்ற கணக்கு பொருந்தாது. தவிர, 2013 முதல் வீட்டுத் திட்ட விண்ணப்பம் விளம்பரமாகிவிட்டால் பதிவுக்கான கதவும் சாத்தப்படும்.

அப்புறம் என்ன வழி? பழைய பத்திரங்களைத் தோண்டுங்கள். ஷ்ரூஸ்பரியில் (கிராமமல்ல, நகரம்தான்) டவுன் கவுன்சில் பொழுதுபோக்குத் திடலின் ஒரு பகுதியைக் கட்டுமான நிறுவனத்துக்கு விற்றது. 1972-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி உள்ளூர்ச் செய்தித்தாளில் தொடர்ந்து இரண்டு வாரம் விளம்பரம் தந்திருக்க வேண்டும், தரவில்லை. அதனால் நிலத்தின் மேல் மக்களுக்கிருந்த அறக்கட்டளை உரிமை (பொழுதுபோக்குக்குப் புழங்கும் சட்ட உரிமை) விற்ற பின்னும் அழியவில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறி, வீட்டு அனுமதியை ரத்துசெய்தது.