காந்தலா, ஃபெர்ன்ஹில்லா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: மகளுக்கு ஊட்டியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது அக்கா. வாடகைக்கு இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று காந்தலில் மாடி போர்ஷன், இன்னொன்று ஃபெர்ன்ஹில் பக்கம் ஒரு பங்களாவை ஒட்டிய அவுட்ஹவுஸ். காந்தல் நெரிசலான இடம், திருட்டு, அடிதடி எல்லாம் ஜாஸ்தி என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நெட்டில் தேடினால் நீலகிரி மாவட்டக் குற்றக் கணக்குதான் வருகிறது. எதை நம்புவது? – ஒரு அம்மா, மேட்டுப்பாளையம்

பதில்: முதலில் அந்த மாவட்டக் கணக்கை ஓரமாக வையுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் போடும் அறிக்கையில் குற்ற விகிதம் என்றால் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பதுதான். அதுவும் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். பதிவானது மட்டும். செயின் போய், 'விடு, யார் அலையுறது' என்று இருந்துவிட்டவர் அதில் வரவே மாட்டார். 2020-ல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை எங்கேயோ போய் நிற்கும், பார்த்தால் தலை சுற்றும். கொரோனா ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மேல் லட்சக்கணக்கில் போட்ட வழக்கும் அதில் சேர்ந்ததுதான் காரணம், ஊரெல்லாம் திடீரென்று திருடர்கள் ஆகிவிடவில்லை. நம் மலைக்கு இன்னொரு கோளாறும் உண்டு. 2011 சென்சஸ்படி மாவட்ட ஜனத்தொகை 7.35 லட்சம், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் மதிப்பீடுதான். மே மாதம் ஊட்டியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், இ-பாஸ் வந்த பிறகும் கூட்டம் கூட்டம்தான். தாவரவியல் பூங்காவில் ஒரு டூரிஸ்ட்டின் பர்ஸ் போனால் வழக்கு நம் கணக்கில் ஏறும், பர்ஸைத் தொலைத்தவர் தலை நம் ஜனத்தொகையில் ஏறாது. கூடலூரையும் பந்தலூரையும் சேர்த்துப் போட்ட ஒரு எண்ணை வைத்துக்கொண்டு காந்தலில் ஒரு தெருவை எடை போடுவது எந்த ஊர் நியாயம்?

என்னைக் கேட்டால், தனியாக இருக்கப்போகும் பெண்ணுக்கு நான் காந்தல் பக்கம்தான் சாய்வேன். நெரிசல்தான், ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் மூன்று வீட்டில் கேட்கும். அதே காரணத்தால் புது ஆள் ஒருத்தன் படியேறினால் 'யாரைப் பார்க்கணும்?' என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள், அங்கேயும் இருக்கலாம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மலையில் பூட்டை உடைக்கிறவன் தேடுவது சீசனுக்கு மட்டும் திறக்கிற வீடுகளைத்தான். ஜன்னலை உடைத்து உள்ளே போய் ஒரு வாரம் ஆனாலும் யாருக்கும் தெரியாது. உங்கள் மகள் இருக்கப்போகும் அவுட்ஹவுஸைச் சுற்றி அப்படி எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பங்களாவில் வருடம் முழுக்க ஆள் இருக்கிறார்கள், கேட்டில் வாட்ச்மேன் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார் என்றால் என் பேச்சை விடுங்கள், அதுவும் நல்ல இடம்தான்.

வீட்டைப் பகலில் பார்த்திருப்பீர்கள். மகளுக்கு ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு ஒரு தடவை போங்கள், முடிந்தால் மூடுபனி இறங்கிய நாளில். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரைக்கும் நடந்து பாருங்கள். எத்தனை தெருவிளக்கு எரிகிறது, அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறது, டாஸ்மாக் அந்த வழியில் இருக்கிறதா, எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். (காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திட்டம் 2022-ல் முதலில் வந்ததே நம் நீலகிரியில்தான். ஆகவே உடைந்த பாட்டில் கிடந்தால் அங்கே உட்கார்ந்து குடிப்பவர்கள் பத்து ரூபாய்க்குக் கவலைப்படாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பக்கத்தில் எங்காவது போலீஸ் பட்டா புத்தகம் தொங்கினால் திறந்து பாருங்கள், ரோந்து வருகிறவர் கடைசியாக எப்போது கையெழுத்துப் போட்டார் என்று அதிலேயே இருக்கும். எந்த வீடானாலும் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள், தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. 'வாய்வார்த்தை போதும்மா' என்கிற ஓனரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் என் போனை அடித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் 'தொலைந்துவிட்டது' என்று எழுதச் சொல்லி, ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இது போதுமா? – ஒரு வாசகர், குன்னூர்

பதில்: போதாது தம்பி. சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான அத்தாட்சி, வழக்கு அல்ல. திருடு போனதைத் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தால் அது குற்றமே இல்லை என்று ஆகிவிடுகிறது. மேலே சொன்ன குற்ற விகிதம் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு வழி! திருட்டு என்றே மறுபடி மனு எழுதுங்கள், போன் வாங்கிய பில்லையும் சேர்த்து வையுங்கள். பில் எதற்கு என்றால், 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது, அதற்கு மேல் என்றால் அந்தச் சாக்கு கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவில் ஆன்லைனிலும் புகார் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். முதற்கட்ட விசாரணை என்று இழுத்தால் அதற்கும் 14 நாள்தான், அதுவும் டி.எஸ்.பி. அனுமதியோடு. அப்புறமும் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள், அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட். இதற்கிடையில் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்து போனை முடக்கிவிடுங்கள், எண் போன் டப்பாவிலேயே இருக்கும்.

கேள்வி: ராத்திரி கொல்லைக் கதவை யாரோ தள்ளுகிற சத்தம். திருடனா, கரடியா? – கோத்தகிரி

பதில்: எதுவானாலும் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். கோயில் விளக்கு எண்ணெயையே தேடி வருகிற கரடிக்கு உங்கள் சமையலறை வாசனை போதும். எல்லா விளக்கையும் போடுங்கள். கரடி என்றால் வனத்துறை, ஆள் என்றால் 112.

கேள்வி: எங்கள் தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு சி.சி.டி.வி. வைக்கப் போகிறோம். கவனிக்க வேண்டியது? – ஒரு குடியிருப்போர் சங்கம், கொடைக்கானல்

பதில்: கடைக்காரர் காட்டும் வீடியோ சமவெளியில் எடுத்ததாக இருக்கும். நம் ஊர் மூடுபனியில் இரவு கேமராவின் அகச்சிவப்பு ஒளி பனியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் கேமராவை மட்டும் நம்பாமல் பக்கத்தில் ஒரு தெருவிளக்கும் கேளுங்கள். லென்ஸில் சிலந்தி கூடு கட்டும், மாதம் ஒரு தடவை துடைக்க யாரையாவது பொறுப்பாக்குங்கள். ரெக்கார்டரை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவான், உள்ளறையில் வையுங்கள், கரண்ட் போகிற ஊர் என்பதால் ஒரு யு.பி.எஸ். கட்டாயம். எதிர்வீட்டுப் படுக்கையறை ஜன்னல் தெரிகிற மாதிரி மட்டும் திருப்பிவிடாதீர்கள். திருட்டு நடக்கும் முன்பே தெருச்சண்டை வந்துவிடும்.